உலைநீரும் வானிலையும்



நான் அறிவியல் கற்றவன் அல்லன். கலைப்பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்து, இப்பொழுது நிலாவெளிப் பகுதியில் அரசினர் பாடசாலையொன்றில் அதிபராகக் கடமையாற்றுபவன். அப்படிப்பட்டவன், வெப்பத்தினால் நீரிலும் காற்றிலும் எழும் கொந்தளிப்பைப் பற்றிப் பேச வந்திருப்பது என்ன துணிவு என்று நீங்கள் நினைக்கலாம். மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கு நான் ஒருநாள் கூறிய விடை விடையே அன்று. அந்தக் குறையைத் தீர்க்கப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் ஒரு பகுதியையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

2010ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் இருந்தார். ஒன்பதாந் தர வகுப்பைச் சும்மா விடலாகாது என்று நானே சென்றேன். அன்றைய பாடம் வெப்ப இடமாற்றம். கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்ற மூன்றையும் பாடநூலைப் பார்த்துப் படித்து விளக்கினேன். முகவையில் நீரை வைத்து, அடியில் ஓரமாகப் பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கு ஒன்றை இட்டு, மதுசார விளக்கினாற் சூடேற்றினோம். ஊதா நிறக் கோடு ஒன்று அடியிலிருந்து எழுந்து, மேலே வளைந்து, மறுபக்கத்தால் இறங்கியது. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். பாடநூலிலும் அப்படித்தான் அம்புக்குறி போட்டிருந்தது. நானும் மகிழ்ந்தேன்.

அப்பொழுது பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்தான். அவனுடைய தாய் கடற்கரையில் மீன் காயவைத்து விற்பவர். முதல் நாள் பிற்பகலில், வானிலை அறிக்கையிற் சொல்லப்படாத ஒரு இடிமழை திடீரென்று கொட்டி, பாயில் விரித்திருந்த கருவாடு முழுவதையும் நனைத்து நாசமாக்கிவிட்டது. அவன் கேட்டான்: "சேர், சூடான காத்து மேல போகும், குளிர்ந்தது கீழ வருமெண்டு இவ்வளவு தெளிவாத் தெரியுமெண்டால், நேற்று மழை வருமெண்டு ஏன் ஒருத்தருக்கும் தெரியேல்லை?"

"அது ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்று கூறி நான் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அமர்ந்துவிட்டான். ஒரு கிழமை உழைப்பை இழந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளையின் கேள்வியை நகைப்பாக்கி ஒதுக்கினேன் என்பது அன்றிரவே எனக்கு உறைத்தது.

மறுநாள் விளக்கு அணைந்த பின்னரும் அந்த முகவை என் மனத்தில் நின்றது. நாங்கள் விளக்கைச் சிறிதாக எரியவிட்டதாலேதான் கோடு அழகாக வளைந்தது. திரியைத் தூண்டியிருந்தால் அந்த ஊதாக் கோடு பிய்ந்து, சுருண்டு, எங்கும் பரவி, பாடநூலின் அம்புக்குறியைப் பொய்யாக்கியிருக்கும். அடுப்பில் உலை வைக்கும் தாய்மார் எல்லோரும் நாள்தோறும் இதைக் காண்கிறார்கள். முதலில் நீர் அசையாது கிடக்கும். பின்னர் மெல்லப் புரளும். பின்னர் தளதளவென்று கொதிக்கும். ஒரு பருக்கை அரிசி அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று அப்பொழுது எவராலும் சொல்ல முடியாது. அமைதியிலிருந்து ஒழுங்கான புரளல், புரளலிலிருந்து தாறுமாறான கொந்தளிப்பு என்ற இந்தப் படிமுறையிலே என் மாணவனின் கேள்விக்கு விடை இருந்தது. அறிஞர்கள் அதைத் தேடத் தொடங்கி நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

1900ஆம் ஆண்டில் பாரிசில் ஹென்றி பெனார்ட் என்ற இளைஞர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பே உடைய திரவப் படலத்தை அடியிலிருந்து சீராகச் சூடேற்றினார். அவர் எடுத்துக்கொண்ட திரவங்களில் ஒன்று உருகிய திமிங்கில மெழுகு. எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து அக்காலத்தில் எடுக்கப்பட்ட பொருள் அது. திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் இன்றும் உலவுகின்றதே, அந்த இனத்துத் திமிங்கிலந்தான். சூடேறியதும் அந்தப் படலத்தின் மேற்பரப்பு முழுவதும் தேன்கூட்டைப் போல அறுகோண அறைகளாகப் பிரிந்து நின்றது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் திரவம் மேலெழுந்து ஓரங்களில் இறங்கியது. யாரும் வரைந்து வைக்காத கோலம் அது.

1916ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞரான ரெலே பிரபு இதற்குக் கணிதம் அமைத்தார். அவருடைய எண்ணத்தை எளிய மொழியிற் சொல்ல முயல்கின்றேன். அடியிலுள்ள நீர் சூடாகி விரிகிறது, இலேசாகிறது. ஆகவே மேலே போக விரும்புகிறது. ஆனால் இரண்டு தடைகள் அதன் காலைப் பிடித்து இழுக்கின்றன. ஒன்று நீரின் பிசுக்குமை. தேனில் அதிகமாகவும் நீரிற் குறைவாகவும் இருக்கும் ஒட்டிழுப்பு அது. மற்றது, எழும்பும் நீர் தன் சூட்டைப் பக்கத்திலுள்ள நீருக்குக் கொடுத்துவிடுவது. சூட்டை இழந்துவிட்டால் எழும்புவதற்குக் காரணமே இல்லாமற் போய்விடும் அல்லவா? எழுப்பும் விசைக்கும் இந்த இரண்டு தடைகளுக்கும் உள்ள விகிதமே ரெலே எண் எனப்படுவது. மேலும் கீழும் திடமான தட்டுகளுக்கிடையே அகப்பட்ட திரவத்தில் இந்த எண் ஏறத்தாழ 1708க்குக் கீழே இருக்கும்வரை அசைவே கிடையாது. சூடு கடத்தலால் மட்டுமே ஏறும். அந்த எல்லையைத் தாண்டியதும் திரவம் உருளை உருளையாகப் புரளத் தொடங்கும்.

ஓர் இடைக்குறிப்பு. பெனார்ட் கண்ட தேன்கூட்டுக் கோலத்துக்கு முதற் காரணம் ரெலே கூறிய மிதப்பு அன்று, மேற்பரப்பின் இழுவிசை இடத்துக்கிடம் வேறுபடுவதே என்று 1950களில் வேறு அறிஞர்கள் காட்டினார்கள். பெனார்டின் படலம் மிக மெல்லியது, மேலே திறந்தது. அதனால் ஒரு பரிசோதனைக்கு எழுதிய கணிதம் மற்றொரு நிகழ்ச்சிக்குப் பொருந்திற்று. விஞ்ஞானத்தில் இப்படியும் நடக்கும் என்பதை எங்கள் பாடநூல்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சொன்னால் அவர்களுக்கு அதன்மேல் அன்பு கூடும் என்பது என் கருத்து.

ரெலே எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. திரவத்தின் ஆழம் அதிலே மும்மடியாக வருகிறது. ஆழம் இரட்டித்தால் எண் எட்டு மடங்காகும். பத்து மடங்கானால் ஆயிரம் மடங்காகும். அடிக்கும் மேலுக்கும் பத்துப் பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்தால், தட்டுகளுக்கிடையே இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான நீர்ப்படலமே புரளத் தொடங்கிவிடும். அதே வேறுபாட்டோடு பத்துச் சதமமீற்றர் ஆழமுள்ள பானை நீரை எடுத்தால் எண் பத்துக் கோடியைத் தாண்டிவிடும். அப்படியானால் பல கிலோமீற்றர் உயரமுள்ள காற்றுமண்டலத்தை எண்ணிப் பாருங்கள். காலை பத்து மணிக்கே கால் வைக்க முடியாதபடி சுடுகின்ற நிலாவெளி மணலின்மேல் நிற்கும் காற்று, 1708 என்ற வாசலைத் தாண்டி எத்தனையோ கோடி கோடி மடங்கு அப்பாற் சென்றுவிட்ட ஒன்று. பாடநூலின் அழகிய அம்புக்குறிக்கு அங்கே இடமில்லை.

இந்தத் துறையிலே தமிழர் ஒருவரின் பெயரைச் சொல்லாமற் போவது முறையன்று. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர். விண்மீன்களின் முடிவைப் பற்றிய ஆராய்ச்சியால் அவரை உலகம் அறியும். 1983இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயின் 1961இல் அவர் வெளியிட்ட அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு பெருநூல், சூடேறிய திரவம் எந்தக் கணத்தில் அசையத் தொடங்கும் என்ற இதே கேள்வியைத் துருவி ஆராய்கிறது. பாத்திரம் சுழன்றால் என்ன ஆகும், காந்தப்புலம் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக அவர் கணித்தார். சுழற்சி அந்தத் தொடக்கத்தைத் தாமதப்படுத்தும். காந்தப்புலமும் மின்னைக் கடத்தும் திரவத்தில் அவ்வாறே செய்யும். விண்மீன்களின் வயிற்றிலும் உலைப்பானையிலும் நடப்பது அடிப்படையில் ஒன்றே என்பதால் அவருக்கு அதில் நாட்டம் பிறந்தது.

அசைவு எப்பொழுது தொடங்கும் என்பதைச் சந்திரசேகர் போன்றோர் திட்டவட்டமாகச் சொன்னார்கள். தொடங்கிய பின்னர் அது எங்கே போகும் என்பது வேறு கதை. அந்தக் கதையைத் திறந்துவைத்தவர் எட்வேட் லொறன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர்.

மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் லொறன்ஸ் ஒரு சிறு கணினியில் எளிய வானிலை மாதிரி ஒன்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். 1961ஆம் ஆண்டில் ஒருநாள், முன்னர் செய்த கணக்கை மீண்டும் நீட்டிப் பார்க்க விரும்பி, இடையிலிருந்து தொடங்கினார். அச்சிட்ட தாளில் இருந்த எண்களையே மறுபடி கொடுத்தார். கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டாம் ஓட்டம் முதலாவதைச் சிறிது நேரமே ஒத்துச் சென்று, பின்னர் பிரிந்து, முடிவில் முற்றிலும் வேறொரு வானிலையாகி இருந்தது. கணினி பழுதாகிவிட்டது என்றே முதலில் நினைத்தாராம். பழுது இல்லை. கணினி தன்னுள்ளே 0.506127 என்று வைத்திருந்த எண்ணை, தாளில் 0.506 என்று மட்டுமே அச்சிட்டிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அந்த வேறுபாடு, வளர்ந்து வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இது பெரிய மாதிரிக்கு மட்டும் உரிய நோயா, எளிய ஒன்றிலும் உண்டா என்று அவர் தேடினார். அவருக்குக் கைகொடுத்தது உலைநீரே. பாரி சோல்ற்ஸ்மன் என்பவர் சூடேறிய திரவத்தின் அசைவுக்கு எழுதியிருந்த சமன்பாடுகளைச் சுருக்கி, மூன்றே சமன்பாடுகளாக்கினார். திரவம் எவ்வளவு வேகமாகப் புரள்கிறது, எழும்பும் பக்கத்துக்கும் இறங்கும் பக்கத்துக்கும் சூட்டில் எவ்வளவு வேறுபாடு, மேலிருந்து கீழாகச் சூடு எப்படிப் பரவியிருக்கிறது என்ற மூன்றே அளவுகள். 1963இல் அதை வெளியிட்டார். அந்த மூன்று சமன்பாடுகளிலும் தற்செயல் என்பதற்கு இடமேயில்லை. இன்றைய நிலை தெரிந்தால் நாளைய நிலை ஐயமின்றித் தீர்மானமாகிறது. இருந்தும் அவற்றின்படி உருளை சில சுற்று வலமாகச் சுழலும், திடீரென்று திரும்பி இடமாகச் சுழலும். எத்தனை சுற்றுக்குப் பின் திரும்பும் என்பதில் எந்த ஒழுங்கும் இல்லை. தொடக்கத்தில் ஒரு மயிரிழை வேறுபட்டாலும் திரும்பும் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

இங்கே ஒரு தவறான கருத்துக்கு இடங்கொடாமல் ஒன்று சொல்ல வேண்டும். லொறன்சின் மூன்று சமன்பாடுகள் உண்மையான பானை நீரின் படம் அல்ல. அவ்வளவு வன்மையாகச் சூடேற்றினால் உண்மை நீரில் எண்ணிறந்த சிறு சுழிகள் பிறந்துவிடும். மூன்று அளவுகளால் அவற்றைப் பிடிக்க முடியாது. வளையமாக வளைத்த குழாயில் நீரை நிரப்பி, அடியிற் சூடேற்றி மேலே குளிரவைத்தால், ஏறத்தாழ அவர் சொன்னபடி நீர் ஒருபக்கமும் மறுபக்கமும் மாறி மாறி ஓடும். அவர் காட்டிய பெரிய உண்மை வேறு. விதி முழுவதும் தெரிந்திருந்தாலும் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலை உண்டு என்பதே அது.

பட்டாம்பூச்சியின் சிறகடிப்பால் புயல் பிறக்கும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1972இல் லொறன்ஸ் ஆற்றிய ஓர் உரையின் தலைப்பிலே, பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் ரெக்சாசில் சூறாவளி எழுமா என்ற கேள்வி இருந்தது. கேள்வியாகவே அவர் வைத்ததைப் பலர் விடையாக்கிவிட்டார்கள். புயலைப் பட்டாம்பூச்சி படைப்பதில்லை. கடலின் சூடும் காற்றின் ஈரமும் படைக்கின்றன. அது எங்கே, எப்பொழுது என்ற கணக்கைத்தான் அந்தச் சிறகடிப்புக் குழப்புகிறது.

இனி உண்மையான கொந்தளிப்புக்கு வருவோம். அடியிற் சூடும் மேலே குளிருமாக உள்ள ஒரு பாத்திரத்தில் ரெலே எண் பல கோடிகளைத் தாண்டும்போது என்ன நிகழ்கிறது? சூட்டின் வேறுபாடு பாத்திரம் முழுவதும் படிப்படியாகப் பரவியிருக்கும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. பெரும்பகுதி வேறுபாடு அடித்தட்டை ஒட்டிய மெல்லிய படலத்திலும் மேற்றட்டை ஒட்டிய மெல்லிய படலத்திலும் ஒடுங்கிவிடுகிறது. நடுப்பகுதி ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். அடிப்படலத்திலிருந்து சூடான கொழுந்துகள் காளான் வடிவிற் பிய்ந்து மேலே பாய்கின்றன. மேலிருந்து குளிர்ந்த கொழுந்துகள் கீழே விழுகின்றன. ஒவ்வொரு கொழுந்தும் எப்பொழுது பிய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயினும் வியப்பு என்னவெனில், இவையெல்லாம் கூடிப் பாத்திரம் முழுவதையும் சுற்றும் ஒரு பெருங்காற்றை உண்டாக்கிவிடுகின்றன. சந்தையில் ஆளுக்கொரு திசையாக ஓடும் கூட்டம், தானறியாமலே ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்குவது போல. அந்தப் பெருங்காற்றும் நிலையானதன்று. இருந்தாற்போல் நின்று எதிர்த்திசையிற் சுழலத் தொடங்கும்.

2000ஆம் ஆண்டில் நீமெலா, ஸ்கிர்பெக், ஸ்ரீனிவாசன், டொனலி என்ற நால்வர் வெளியிட்ட ஆராய்ச்சி புகழ்பெற்றது. ஸ்ரீனிவாசன் இந்தியாவிற் பிறந்தவர். ஒரு மீற்றர் உயரமுள்ள கலத்தில், பூச்சியத்துக்குக் கீழே 268 பாகை அளவிற் குளிர்ந்த ஈலியம் வாயுவை நிரப்பி, அவர்கள் ரெலே எண்ணை ஒன்றுக்குப் பின் பதினேழு பூச்சியம் போடும் அளவுவரை உயர்த்தினார்கள். அவ்வளவு குளிரில் ஈலியத்தின் பிசுக்குமையும் சூட்டைப் பரவவிடும் தன்மையும் மிகமிகக் குறைவு. ஆதலால் ஓர் ஆள் அணைத்துப் பிடிக்கக்கூடிய கலத்துக்குள்ளே காற்றுமண்டலத்தின் கொந்தளிப்பைக் கொண்டுவர முடிந்தது. அந்தக் கலத்தினுள்ளே பெருங்காற்றுத் திசைமாறும் கணங்களையும் அவர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். மாறும் இடைவெளிகளில் ஒழுங்கு கிடைக்கவில்லை. எத்தனை முறை எவ்வளவு நேரம் என்ற புள்ளிவிபரத்தில் மட்டும் ஒழுங்கு கிடைத்தது. அடுத்த மாற்றம் எப்பொழுது என்று சொல்ல முடியாது. ஆயிரம் மாற்றங்கள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியும். இந்த வேறுபாட்டைச் சற்று மனத்தில் வைத்திருங்கள்.

எங்கள் திருகோணமலையைச் சுற்றி இந்தப் பாடத்துக்கு ஒரு பரிசோதனைச்சாலையே இருக்கிறது. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் அறியாதவர் இல்லை. தன் தாயின் அந்தியக் கடனுக்காக இராவணன் நிலத்திற் குத்தி எழுப்பியவை என்பது ஐதிகம். இன்றும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே செல்பவர்கள் உண்டு. எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி வந்தது? மழைநீர் பாறைப் பிளவுகளாற் கீழே இறங்கி, ஆழத்துச் சூட்டை வாங்கி, இலேசாகி, வேறு பிளவால் மேலே ஏறுகிறது. பாறைக்குள்ளே நடக்கும் உலை அது.

நிலாவெளி உப்பளங்களிலே இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று உண்டு. செறிந்த உப்புநீர் நிற்கும் பாத்தியில் ஒரு மழை பெய்தால், மழைநீர் இலேசாகையால் மேலே மிதந்து நிற்கும். வெயில் இரண்டையும் ஊடுருவி அடியைச் சுடுகிறது. அடிநீர் சூடாகிறது. ஆனால் உப்பின் பாரத்தால் அதற்கு எழும்ப முடியாது. மேற்காவுகை நின்றுவிடும். மேலே குளிர்ந்த நீர், கீழே சுடுநீர். திரான்சில்வேனியாவிலுள்ள ஓர் உவர் ஏரியில் மேற்பரப்பிலும் அடியிற் சூடு மிகுந்து, 70 பாகை வரை ஏறியிருந்ததை 1902இல் கலெச்சின்ஸ்கி என்ற அறிஞர் வெளியிட்டார்.

இதை வெறும் புதினம் என்று விட்டுவிடாதீர்கள். வங்காள விரிகுடாவே இப்படிப்பட்ட ஒரு பெரும் பாத்தி. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, கோதாவரி முதலிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், மழைக்காலத்தின் பின் விரிகுடாவின் வடபகுதியிலே மேற்படலமாக நிற்கிறது. அதனால் மேல்நீரும் ஆழத்துக் குளிர்நீரும் எளிதிற் கலப்பதில்லை. வேறு கடல்களில் ஒரு புயல் தன் காற்றாலேயே அடிநீரைக் கலக்கி, மேற்பரப்பைக் குளிர்வித்து, தன் உணவைத் தானே குறைத்துக்கொள்ளும். இங்கே அந்தக் கடிவாளம் தளர்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் நமக்கு ஏன் அஞ்சத்தக்கனவாக உள்ளன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அச்சம் எங்களுக்கு ஏட்டுச் செய்தி அன்று. 1964 மார்கழியில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி எங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பை அழித்த புயலில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள். அப்பொழுது நான் சிறுவன். தென்றிசையிலிருந்து வந்த உறவினர், தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாக முறிந்து கிடந்ததை எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து விவரித்தது நினைவில் இருக்கிறது. 2000 டிசம்பர் 26இல் ஒரு புயல் திருகோணமலையையே தாக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே திகதியிலேதான் கடற்கோள் வந்தது. அதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. அது வேறு இயற்கை, வேறு துயரம்.

2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரவி என்ற புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. முன்கூட்டியே எச்சரித்தார்கள். மக்கள் பாடசாலைகளிலே தங்கவைக்கப்பட்டார்கள். எங்கள் பகுதியில் அஞ்சிய அளவுக்குச் சேதம் நேரவில்லை. மறுநாள் பலர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள்: "வீணாகப் பயமுறுத்திவிட்டார்களே." அந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்திருக்க வேண்டும். ஒருமுறை வீணாயிற்று என்று எண்ணியவர் மறுமுறை வீட்டைவிட்டு எழும்பமாட்டார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. காற்றின் வேகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது பெரும் புயலாகத் தோன்றவில்லை. ஆனால் அது தீவின்மேல் மெல்ல நகர்ந்து கொட்டிய மழையால் மலைநாடு சரிந்தது, ஆறுகள் பெருகின, நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின.

ஆகவே, முன்னறிவிப்பு என்றால் என்ன என்பதை நாம் புரிந்துகொள்வது பொழுதுபோக்கு அன்று. லொறன்ஸ் காட்டிய வழியே சிந்தித்த வானிலை அறிஞர்கள், ஒரே ஒரு கணக்கைப் போட்டு இதுதான் நாளை என்று சொல்வதைக் கைவிட்டுவிட்டார்கள். 1992 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய நிலையங்கள், இன்றைய நிலையைச் சிறிது சிறிது மாற்றி மாற்றிப் பல கணக்குகளை ஒருங்கே ஓடவிடுகின்றன. ஐரோப்பிய நிலையம் இன்று ஐம்பத்தொரு கணக்குகளை ஓட்டுகிறது. ஐம்பத்தொன்றும் ஒரே வழி போனால் துணிந்து சொல்லலாம். சிதறிப் போனால், சிதறுகிறது என்பதே நமக்குக் கிடைக்கும் அறிவு. வரைபடத்திற் புயலின் பாதையை ஒரு கோடாக வரையாமல், போகப்போக அகலும் விசிறி போல வரைவதன் பொருள் இதுவே. அறுபது வீதம் மழை என்றால், இதுபோன்ற நூறு நாட்களில் அறுபது நாள் நனையும், நாற்பது நாள் காயும் என்பது பொருள். காய்ந்த நாற்பதில் ஒன்று இன்று வந்தால் அறிக்கை பொய்த்துவிட்டது என்று ஆகாது. ஈலியக் கலத்தைப் பற்றி மனத்தில் வைத்திருக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

எவ்வளவு தூரம் முன்னே பார்க்கலாம்? பெரிய காற்றோட்டங்களுக்கு ஏறத்தாழ இரண்டு கிழமையே எல்லை என்று லொறன்ஸ் 1969இல் எழுதினார். இன்றும் அதை ஒட்டியே அறிஞர்கள் பேசுகிறார்கள். புயலின் பாதையைச் சில நாட்களுக்கு முன் ஓரளவு சொல்லலாம். ஆனால் ஐப்பசி மாதத்துப் பிற்பகலில், கச்சான் ஓய்ந்து கடற்காற்று உள்ளே நுழையும் வேளையில், சூடேறிய தரையிலிருந்து எழும் பல கொழுந்துகளில் எது வளர்ந்து இடிமுகிலாகும், அது நிலாவெளியிற் பொழியுமா, இரணைக்கேணியிற் பொழியுமா என்பதைக் காலையில் எந்தக் கணினியாலும் திட்டமாகச் சொல்ல முடியாது. இன்று பிற்பகலில் இந்தக் கரையில் எங்காவது இடிமழை பெய்யக்கூடும் என்பதே நேர்மையான வாக்கு. அந்த வாக்கைக் கேட்டுக் கருவாட்டைப் பாதி விரிப்பதா, முழுதும் விரிப்பதா என்பது தாயின் தீர்மானம்.

இவ்வளவையும் நான் படித்து முடிக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. அதற்குள் அந்தப் பையன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வெளியேறிவிட்டான். அவனைத் தேடிச் சென்று, நீ கேட்டதற்கு விடை ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்பதன்று, விடை இன்னது என்று சொன்னேன். கடற்கரையில், வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், ஒரு சாயக் கோப்பையில் வெந்நீரை ஊற்றித் தேயிலைத் தூள் சுழல்வதைக் காட்டிச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அண்டைக்கு ஒருத்தரும் எங்களை ஏமாத்தேல்லை" என்றான். அந்த ஒரு வார்த்தையை அறிவதற்குத்தான் அவன் வகுப்பில் எழுந்து நின்றிருக்கிறான் என்று அப்பொழுதுதான் எனக்குப் புரிந்தது.

இப்பொழுது அவனுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருக்கிறது. சென்ற ஐப்பசியில் ஒருநாள் மாலை கைத்தொலைபேசியில் அழைத்தான். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகச் செல்லும் கடற்பரப்புக்கான அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் அழைத்திருக்கிறான்.

"சேர், இரவைக்கு இடிமழைக்கு அறுபது வீதமெண்டு போனில காட்டுது. போகட்டோ?"

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்? வள்ளத்தில் எத்தனை பேர்?"

"என்னோட மூண்டு பேர். ஒருத்தன் புதுசு. நீந்தத் தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுநேரம் அவனும் பேசவில்லை.

"அப்ப நிக்கிறன் சேர்" என்றான்.

அன்றிரவு நிலாவெளியில் ஒரு துளி மழையும் பெய்யவில்லை. வடக்கே, கடலுக்கு மேலே, நடுச்சாமம்வரை மின்னிக்கொண்டிருந்தது.